விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸுக்கு இடம் ஒதுக்குதல்

ஒரே மடிக்கணினியில் விண்டோஸையும் லினக்ஸையும் வைத்துக்கொள்ள விரும்புகிறவர்களில் பலர், லினக்ஸ் வகைகளில் ஒன்றான உபுண்டுவைப் பென் டிரைவில் ஏற்றிக் கணினியில் செருகுவதிலிருந்தே வேலையைத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்பாகவே, விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, வேலையின் பெரும்பகுதி முடிந்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. வன்தட்டில் எந்த இடம் எதற்கு என்று தீர்மானிப்பது, சி டிரைவைச் சுருக்குவது, அது சுருங்க மறுத்தால் காரணத்தைக் கண்டறிவது, தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பது ஆகிய அனைத்தையும் விண்டோஸுக்குள்ளிருந்து செய்வதே பாதுகாப்பானது. உபுண்டுவின் நிறுவியைத் திறக்கும் நேரத்தில் தட்டில் ஒரு வெற்றிடம் தயாராகக் காத்திருந்தால், அதன்பின் தவறு நேர்வதற்கான வாய்ப்பு மிகவும் குறைந்துவிடுகிறது.

அண்மையில் என் அக்கா மகனின் மடிக்கணினியில் இந்த வேலையைச் செய்து கொடுத்தேன். பொறியியல் படிக்கும் அவனுக்குக் கல்லூரிப் பாடத்துக்கு லினக்ஸ் தேவைப்பட்டது. அதே கணினியில்தான் அத்தான் கடைக் கணக்கை டாலியில் எழுதுகிறார். வரித் தாக்கலுக்கான டிஜிட்டல் கையொப்ப டோக்கனையும் அதில்தான் செருகுகிறார். ஆகவே விண்டோஸை எடுத்துவிடும் பேச்சுக்கே இடமில்லை. கணக்குக் கோப்புகளுக்குச் சிறு சேதமும் வரக்கூடாது. 512 ஜிபி எஸ்எஸ்டி, விண்டோஸ் 11, உபுண்டு 24.04 என்னும் இந்தச் சேர்க்கை இன்று பல வீடுகளில் இருப்பதுதான் என்பதால், அதையே எடுத்துக்காட்டாகக் கொண்டு எழுதுகிறேன்.

விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்டைத் திறந்தால், கீழ்ப்பாதியில் தட்டின் அமைப்பு நீளமான பட்டையாகத் தெரியும். அந்தக் கணினியில் தட்டின் மொத்த அளவு 476.94 ஜிபி என்று காட்டியது. தட்டைத் தயாரிப்பவர்கள் ஒரு ஜிபியை 100 கோடி பைட்டாகக் கணக்கிடுகிறார்கள். விண்டோஸோ 107,37,41,824 பைட்டை ஒரு ஜிபி என்கிறது. இடம் எதுவும் திருடுபோகவில்லை, அளவுகோல்தான் வேறு. இதை இங்கேயே மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. ஏனெனில் லினக்ஸில் தட்டைக் கையாளும் கருவிகளில் ஜிபார்ட்டெட் விண்டோஸைப் போலவே கணக்கிடுகிறது, க்னோம் டிஸ்க்ஸ் தயாரிப்பாளர்களைப் போலக் கணக்கிடுகிறது. விண்டோஸில் 80 ஜிபியாகத் தெரிந்த பார்ட்டிஷன், அதாவது தட்டில் பிரித்த பகுதி, க்னோம் டிஸ்க்ஸில் 86 ஜிபி என்று தெரியும்போது, இது நம்முடையதுதானா என்ற ஐயம் எழும்.

பட்டையின் இடது ஓரத்தில் 100 எம்பி அளவில் ஒரு சிறிய பார்ட்டிஷன் இருந்தது. அதுதான் இஎஃப்ஐ சிஸ்டம் பார்ட்டிஷன். ஃபேட்32 முறையில் அமைந்த இந்தச் சிறிய இடத்தில்தான் கணினி விழித்தெழும்போது முதலில் தேடும் பூட் கோப்புகள் இருக்கின்றன. அடுத்து சி டிரைவ். வலது ஓரத்தில் விண்டோஸின் ரெகவரி பார்ட்டிஷன். இவற்றைத் தவிர, டிஸ்க் மேனேஜ்மென்டில் தெரியாத இன்னொன்றும் உண்டு: மைக்ரோசாஃப்ட் தன் தேவைக்கென ஒதுக்கி வைத்திருக்கும் 16 எம்பி பார்ட்டிஷன். லினக்ஸ் கருவிகளில் அது பெயரில்லாத, வடிவமைக்கப்படாத சிறு துண்டாகக் கண்ணில் படும். குப்பை என்று எண்ணி அதை அழிக்கும் ஆசை பலருக்கு வருகிறது. அதைத் தொடவே கூடாது. 16 எம்பி கிடைப்பதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

தட்டில் எந்தப் பார்ட்டிஷன் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதை ஓர் அட்டவணை சொல்கிறது. நிலத்துக்குப் புலப்படம் எப்படியோ, தட்டுக்கு இந்த அட்டவணை அப்படி. வயலில் பயிர் அப்படியே நின்றாலும் படத்தில் கோடு மாறினால் உரிமை மாறிவிடும். பழைய எம்பிஆர் முறை 1983-இல் டாஸ் 2.0 உடன் வந்தது. தட்டின் முதல் 512 பைட்டுக்குள் பூட் நிரலுக்கு 446 பைட்டும் அட்டவணைக்கு 64 பைட்டும் ஒதுக்கப்பட்டிருந்தன. ஒரு பார்ட்டிஷனுக்கு 16 பைட் வீதம் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்கள்தான் அதில் அடங்கும். ஐந்தாவது வேண்டுமென்றால் நான்கில் ஒன்றை எக்ஸ்டெண்டட் ஆக்கி, அதற்குள் லாஜிக்கல் டிரைவ்களை உருவாக்க வேண்டும். இன்றுள்ள ஜிபிடி முறையில் அந்த நெருக்கடி இல்லை. 128 பார்ட்டிஷன்கள் வரை வழக்கமாக இடம் உண்டு. அட்டவணையின் மறுபிரதி தட்டின் கடைசியிலும் எழுதப்பட்டிருக்கிறது. பிழை நேர்ந்தால் கண்டறியச் சரிபார்ப்பு எண்ணும் உண்டு. உங்கள் தட்டு எந்த முறை என்று அறிய, டிஸ்க் மேனேஜ்மென்டில் டிஸ்க் 0 மீது வலது சொடுக்கி, ப்ராப்பர்ட்டீஸில் வால்யூம்ஸ் பகுதியைப் பார்த்தால் போதும்.

தமிழ்நாட்டில் என் தலைமுறையினருக்குப் பிந்தியவர்கள் பலர் டூயல் பூட்டை, அதாவது ஒரே கணினியில் இரண்டு இயங்குதளங்களை, முதன்முதலில் பார்த்தது, 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினிகளில்தான். அவற்றில் பலவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தது. இடம் போதவில்லை என்று லினக்ஸ் பார்ட்டிஷனை விண்டோஸுக்குள்ளிருந்து அழித்துவிட்டு, அடுத்த முறை கணினியைத் திறந்ததும் கறுப்புத் திரையில் 'கிரப் ரெஸ்க்யூ' என்ற வரியைப் பார்த்துத் திகைத்த மாணவர்கள் பலர். எம்பிஆர் தட்டில், எந்த இயங்குதளத்தை எழுப்புவது என்று கேட்கும் லினக்ஸ் நிரலான கிரப்பின் தொடக்கத் துண்டு மட்டுமே தட்டின் முதற்பகுதியில் இருக்கிறது; மற்ற பாகங்கள் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் இருக்கின்றன. அந்தப் பார்ட்டிஷன் போனதும் கிரப்பால் மேற்கொண்டு நகர முடிவதில்லை, விண்டோஸ் நலமாக இருந்தும் அதை எழுப்ப வழியில்லாமல் போகிறது. தட்டில் எது எங்கே இருக்கிறது என்பதை ஒருவர் பத்து நிமிடம் விளக்கியிருந்தால் அந்த மாணவர்களில் எத்தனையோ பேர் லினக்ஸை வெறுத்திருக்கமாட்டார்கள் என்று இன்றும் வருந்துகிறேன்.

இனி தயாரிப்பு வேலைகளுக்கு வருகிறேன். முதலாவது, காப்புப் பிரதி. அத்தானின் டாலி தரவு, குடும்பப் படங்கள், மருமகனின் பாடக் குறிப்புகள் அனைத்தையும் வெளித் தட்டு ஒன்றில் எடுத்து, அந்தத் தட்டை வேறொரு கணினியில் செருகிச் சில கோப்புகளைத் திறந்து பார்த்த பிறகே அடுத்த அடியை எடுத்து வைத்தேன். பார்ட்டிஷன் வேலை நடக்கும்போது மடிக்கணினி சார்ஜரில் இருக்க வேண்டும். மேசைக் கணினி என்றால் யுபிஎஸ் இல்லாமல் தொடவே கூடாது, பாதியில் மின்சாரம் போவதைப் போன்ற ஆபத்து வேறில்லை.

இரண்டாவது, தட்டைக் குறியாக்கம் செய்யும் விண்டோஸின் பிட்லாக்கர். விண்டோஸ் 11 ஹோம் பதிப்பிலும் 'டிவைஸ் என்கிரிப்ஷன்' என்ற பெயரில் இது இருக்கிறது. 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி, மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால் பல கணினிகளில் தானாகவே செயல்படத் தொடங்கிவிடுகிறது. தங்கள் தட்டு குறியாக்கம் செய்யப்பட்டிருப்பதே பலருக்குத் தெரியாது. பூட் வரிசையில் மாற்றம் செய்தால் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நீலத் திரை வரக்கூடும். சாவி இல்லையென்றால் கோப்புகள் இல்லை. செட்டிங்ஸில் தனியுரிமைப் பகுதிக்குச் சென்று நிலையைப் பார்த்து, மைக்ரோசாஃப்ட் கணக்கிலிருந்து மீட்புச் சாவியை எடுத்துத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு, குறியாக்கத்தை அணைத்து, அது முற்றிலும் நீங்கும் வரை காத்திருக்க வேண்டும். லினக்ஸை நிறுவி முடித்தபின் மீண்டும் இயக்கிக்கொள்ளலாம். அப்போது கிரப் வழியாக விண்டோஸை எழுப்பினால் சாவியைக் கேட்கலாம் என்பதால், கணினியின் சொந்த பூட் மெனுவிலிருந்தே விண்டோஸைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப். விண்டோஸ் 8 முதல் இருந்துவரும் இந்த வசதியால், 'ஷட் டவுன்' கொடுத்தாலும் விண்டோஸ் முழுமையாக அணைவதில்லை. தன் உள்நிலையின் ஒரு பகுதியைத் தட்டில் எழுதி வைத்துவிட்டு உறங்குகிறது. விண்டோஸின் கோப்பு முறைமையான என்டிஎஃப்எஸ்-இல் அமைந்த பார்ட்டிஷன்கள் அப்போது பாதி திறந்த நிலையிலேயே விடப்படுகின்றன. அந்த நேரத்தில் லினக்ஸிலிருந்து அவற்றில் எழுதினால், விண்டோஸ் மீண்டும் விழிக்கும்போது அதன் நினைவில் உள்ளதும் தட்டில் உள்ளதும் ஒத்துப்போகாது. அதனால்தான் லினக்ஸ் அத்தகைய பார்ட்டிஷனை வாசிக்க மட்டுமே அனுமதிக்கிறது, அல்லது திறக்கவே மறுக்கிறது. கன்ட்ரோல் பேனலின் பவர் ஆப்ஷன்ஸில் இதை அணைத்துவிட வேண்டும். விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகளுக்குப் பிறகு மீண்டும் ஒருமுறை பார்த்துக்கொள்வதும் நல்லது. 'ரீஸ்டார்ட்' கொடுக்கும்போது விண்டோஸ் முழுமையாகவே அணைந்து எழுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டியது.

இதன் பிறகே சி டிரைவைச் சுருக்க வேண்டும். அதை விண்டோஸின் சொந்தக் கருவியால்தான் செய்ய வேண்டும் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். என்டிஎஃப்எஸ்-ஐ ஜிபார்ட்டெட்டும் சுருக்கும், உபுண்டுவின் நிறுவியும் சுருக்கும். ஆனால் எந்தக் கோப்பை நகர்த்தலாம், எதை நகர்த்தக்கூடாது என்பது விண்டோஸுக்கே நன்கு தெரியும். டிஸ்க் மேனேஜ்மென்டில் சி மீது வலது சொடுக்கி 'ஷ்ரிங்க் வால்யூம்' கொடுத்தால், எவ்வளவு சுருக்க முடியும் என்று அதுவே கணக்கிட்டுச் சொல்லும்.

இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். அந்தக் கணினியின் சி டிரைவில் பாதிக்கு மேல் காலியாக இருந்தும், சுருக்கக் கிடைக்கும் அளவாக அதில் சிறு பங்கைத்தான் காட்டியது. காலியிடம் தட்டு முழுவதும் சிதறிக் கிடக்கும். நகர்த்த முடியாத ஒரே ஒரு கோப்பு வலப்பக்கத்தில் எங்கோ உட்கார்ந்திருந்தால், அதற்கு இடப்புறம் எவ்வளவு இடம் இருந்தாலும் சுருக்க முடியாது. ராமுக்குத் துணையான பேஜ் கோப்பு, உறக்க நிலையைச் சேமிக்கும் ஹைபர்னேஷன் கோப்பு, சிஸ்டம் ரெஸ்டோர் சேமித்து வைத்திருக்கும் பிரதிகள், என்டிஎஃப்எஸ்-இன் சொந்த அட்டவணைக் கோப்பு ஆகியவை இந்த வகை. எது தடுக்கிறது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒருமுறை சுருக்க முயன்ற பிறகு ஈவென்ட் வியூவரின் அப்ளிகேஷன் பதிவேட்டைத் திறந்தால், டிஃப்ராக் எழுதிய 259 எண்ணுள்ள பதிவில் கடைசியாக முட்டுக்கட்டையாக நின்ற கோப்பின் பெயர் இருக்கும். மருமகனின் கணினியில் அது ஹைபர்னேஷன் கோப்பாக இருந்தது. ஹைபர்னேஷனை அணைத்து, பேஜ் கோப்பைத் தற்காலிகமாக நீக்கி, சிஸ்டம் ரெஸ்டோரை நிறுத்தி, கணினியை ஒருமுறை மீண்டும் தொடங்கியபின் தேவையான இடம் தாராளமாகக் கிடைத்தது. வேலை முடிந்ததும் பேஜ் கோப்பையும் சிஸ்டம் ரெஸ்டோரையும் மறக்காமல் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும்.

எவ்வளவு ஒதுக்குவது? எங்கள் முடிவு இது: விண்டோஸுக்குச் சுமார் 245 ஜிபி, உபுண்டுவுக்கு 80 ஜிபி, இரண்டுக்கும் பொதுவான தரவுக்கு 150 ஜிபி. உபுண்டுவுக்கு 25 ஜிபி இருந்தால் நிறுவிவிடலாம் என்றாலும், ஸ்னாப் என்னும் மென்பொருள் தொகுப்புகளும் லினக்ஸின் மையக்கருவான கர்னலின் பழைய பதிப்புகளும் சேரச் சேர, டாக்கர் படிமங்களும் வந்து குவிய, அது விரைவில் மூச்சுத் திணறும். லினக்ஸின் எக்ஸ்ட்4 கோப்பு முறைமை 5 சதவீத இடத்தை ரூட் எனும் நிர்வாகப் பயனருக்கென இயல்பாகவே ஒதுக்கி வைக்கிறது என்பதையும் கணக்கில் கொள்ள வேண்டும். 80 ஜிபியில் அதுவே 4 ஜிபி.

பயனரின் சொந்தக் கோப்புகள் இருக்கும் ஹோம் கோப்பகத்துக்குத் தனிப் பார்ட்டிஷன் வேண்டும் என்று பலரும் அறிவுறுத்துகிறார்கள். லினக்ஸ் வகைகளை அடிக்கடி மாற்றிப் பார்ப்பவருக்கு அது மிகவும் பயனுள்ளது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 512 ஜிபி தட்டில், அதுவும் பாதிக்கு மேல் விண்டோஸுக்குக் கொடுத்தபிறகு, எஞ்சியதை இயங்குதளத்துக்கான ரூட் என்றும் ஹோம் என்றும் கூறுபோட்டால், ஒன்று நிரம்பி வழியும்போது மற்றொன்று காலியாகக் கிடக்கும். பார்ட்டிஷனின் வலது எல்லையை மாற்றுவது எளிது. இடது எல்லையை மாற்ற வேண்டுமானால் உள்ளிருக்கும் தரவு முழுவதையும் பெயர்த்து எழுத வேண்டும், அதற்கு நெடுநேரம் ஆகும், நடுவில் தடைபட்டால் தரவு போய்விடும். ஆகவே பார்ட்டிஷன்கள் குறைவாக இருப்பதே நல்லது என்பது என் நிலைப்பாடு. ராம் போதாதபோது உதவும் ஸ்வாப் பார்ட்டிஷனும் தேவைப்படவில்லை. 17.04 பதிப்பு முதல் உபுண்டு ஸ்வாப்பை ஒரு கோப்பாகவே வைத்துக்கொள்கிறது. ராம் அளவைப் போல இரு மடங்கு என்ற பழைய விதியை இன்று பின்பற்ற வேண்டியதில்லை.

பொதுத் தரவுப் பார்ட்டிஷனுக்கு என்டிஎஃப்எஸ்-ஐத் தேர்ந்தெடுத்தோம். எக்ஸ்ஃபேட்டையும் இரண்டு இயங்குதளங்களும் படிக்கும். ஆனால் அதில் ஜர்னல், அதாவது மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவேடு, இல்லாததால், திடீரென்று கணினி அணைந்தால் மீள்வது கடினம். லினக்ஸ் கர்னலில் 5.15 பதிப்பு முதல் என்டிஎஃப்எஸ்-க்கான புதிய இயக்கி இருக்கிறது. ஆவணங்கள், படங்கள், பாடல்கள் ஆகியவற்றுக்கு இந்தப் பொது இடம் மிகவும் வசதியானது. நிரல் எழுதும் வேலையை மட்டும் அங்கே வைக்கக்கூடாது: லினக்ஸின் கோப்பு அனுமதிகள் அங்கே ஒழுங்காகப் பொருந்துவதில்லை, மெய்நிகர் சூழல்களும் குறியீட்டு இணைப்புகளும் தொல்லை தரும். மருமகனின் நிரல்கள் எக்ஸ்ட்4-இல்தான் இருக்கின்றன.

இவற்றின் வரிசையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. சி டிரைவை ஒட்டி உபுண்டுவின் இடமும், அதற்கு வலப்புறம் பொதுத் தரவும் இருக்க வேண்டும் என்று விரும்பினேன். டிஸ்க் மேனேஜ்மென்ட், புதிய வால்யூமை வெற்றிடத்தின் இடது முனையிலிருந்தே உருவாக்கும். ஆகவே முதலில் சி-யிலிருந்து 1,53,600 எம்பி, அதாவது 150 ஜிபி, சுருக்கி, அந்த வெற்றிடம் முழுவதையும் தரவுப் பார்ட்டிஷனாக வடிவமைத்தேன். பிறகு சி-யை இன்னொரு முறை 81,920 எம்பி சுருக்கினேன். இப்போது சி-க்கும் தரவுக்கும் நடுவே 80 ஜிபி வெற்றிடம் கறுப்புப் பட்டையுடன் நின்றது. அதை வடிவமைக்காமல் அப்படியே விட்டுவிட வேண்டும்.

நிறுவும் கட்டம் குறுகியது. விண்டோஸின் சிஸ்டம் இன்ஃபர்மேஷனில் பயோஸ் மோட் என்ற வரியில் யுஇஎஃப்ஐ என்று இருந்தால், பென் டிரைவையும் அதே முறையில் எழுப்ப வேண்டும். நிறுவி தட்டையே காணவில்லை என்றால், பெரும்பாலும் பயோஸில் சேமிப்பக முறை இன்டெல் ஆர்எஸ்டி என்று இருக்கும். விண்டோஸை ஒருமுறை சேஃப் மோடில் எழுப்ப ஏற்பாடு செய்தபின் அதை ஏஎச்சிஐ-க்கு மாற்ற வேண்டும், நேரடியாக மாற்றினால் விண்டோஸ் எழாது. தட்டு முழுவதையும் அழித்து நிறுவும் தேர்வைத் தவிர்த்துவிட்டு, நாமே பார்ட்டிஷன்களைத் தீர்மானிக்கும் தேர்வுக்குச் செல்ல வேண்டும். வெற்றிடத்தில் எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை உருவாக்கி, அதன் இணைப்புப் புள்ளியாக '/' என்று கொடுக்க வேண்டும். இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பயன்படுத்தச் சொல்ல வேண்டும், வடிவமைக்கச் சொல்லக்கூடாது. அதில் விண்டோஸின் பூட் கோப்புகள் ஒரு கோப்புறையிலும் உபுண்டுவின் கோப்புகள் இன்னொரு கோப்புறையிலும் சண்டையில்லாமல் வாழும். உபுண்டு அதில் சில எம்பி மட்டுமே எடுத்துக்கொள்வதால் 100 எம்பி போதுமானது. கர்னலையே அங்கே வைக்கும் பாப் ஓஎஸ் போன்றவற்றுக்குப் போதாது.

மீண்டும் எழும்போது கிரப் பட்டியலில் விண்டோஸ் இல்லையென்றால் அஞ்ச வேண்டியதில்லை. கிரப் 2.06 முதல், மற்ற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. கிரப்பின் அமைப்புக் கோப்பில் ஒரு வரியை மாற்றிப் புதுப்பித்தால் விண்டோஸ் பட்டியலுக்கு வந்துவிடும். விண்டோஸில் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்தங்கியிருந்தால், லினக்ஸ் வன்பொருள் கடிகாரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதியிருப்பதும், விண்டோஸ் அதை உள்ளூர் நேரமாகப் படிப்பதுமே காரணம். லினக்ஸை உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம். கோடைக்கால நேர மாற்றம் உள்ள நாடுகளில் இதனால் குழப்பம் வரும். இந்தியாவில் அந்தச் சிக்கல் இல்லை.

அத்தானிடம் ஒன்றை மட்டும் அழுத்திச் சொன்னேன். உபுண்டுவின் பார்ட்டிஷன், டிஸ்க் மேனேஜ்மென்டில் டிரைவ் எழுத்தோ பெயரோ இல்லாத ஒன்றாகத்தான் தெரியும். அது காலியிடம் என்று எண்ணி எவரும் அழித்துவிடக்கூடாது. பையன் படிப்பை முடித்து, லினக்ஸ் இனி வேண்டாம் என்ற நிலை வந்தால், முதலில் பயோஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, கணினி கிரப் இல்லாமல் நேராக விண்டோஸுக்குள் செல்கிறதா என்று பார்க்க வேண்டும். அதன்பின் அந்த 80 ஜிபி பார்ட்டிஷனை அழித்து, சி மீது வலது சொடுக்கி 'எக்ஸ்டெண்ட் வால்யூம்' கொடுத்தால் இடம் முழுவதும் சி-க்குத் திரும்பிவிடும். வலப்புறம் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை மட்டுமே அந்தக் கருவி சேர்த்துக்கொள்ளும் என்பதால்தான், உபுண்டுவைச் சி-க்கு அடுத்த வீட்டில் குடிவைத்தேன்.